மழைக்கு மறுநாள் கழுகுமலை

மனைவியின் அண்ணன் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தார். ஐப்பசி மாதம், முந்தின ராத்திரி நல்ல மழை. காலையில் காபியைக் குடித்துக்கொண்டே, "மாப்பிள, உங்க ஊர்ப்பக்கம் பார்க்க என்ன இருக்கு?" என்றார். எங்கள் பக்கத்து ஆளிடம் இதைக் கேட்கவே கூடாது. வண்டியை எடுத்துவிட்டேன்.

கோவில்பட்டியிலிருந்து சங்கரன்கோவில் போகிற ரோட்டில் இருபது கிலோமீட்டர் வந்தால் கழுகுமலை. அடிவாரத்தில் முருகன் கோயில், பாறையைக் குடைந்தது. கும்பிட்டுவிட்டு மேலே ஏறினோம்.

வெட்டுவான் கோயிலைப் பார்த்ததும் மச்சான் பேச்சை நிறுத்திவிட்டார். பாண்டியர் கால வேலை, 8-ஆம் நூற்றாண்டு. மலையைச் சுற்றிலும் வெட்டி எடுத்து, நடுவில் விட்ட பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். விமானம் முடிந்துவிட்டது, கீழே இன்னும் பாறைதான். மிருதங்கம் வாசிக்கிற தட்சிணாமூர்த்தியை அவருக்குக் காட்டினேன். கோயில் ஏன் பாதியில் நின்றது என்பதற்கு ஊரில் ஒரு கதை உண்டு. அப்பா சிற்பி, மகன் சிற்பி, பொறாமை, கொலை. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. காசு தீர்ந்திருக்கும், இல்லை ஆள் மாறியிருக்கும். பாதியில் நிற்கிற கல்யாண மண்டபங்களுக்கு வேறென்ன காரணம்?

ஆனால் எனக்குப் பிடித்த இடம் அது இல்லை, இன்னும் கொஞ்சம் தள்ளி இருக்கிற சமணச் சிற்பங்கள். பாறை முழுக்க வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர்கள். சிறு வயதில் அதன் எதிரே உட்கார்ந்து வேர்க்கடலை தின்றதோடு சரி. கீழே வட்டெழுத்தில் இருப்பது செய்வித்தவர்களின் பெயர்கள் என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. ராஜாவின் பெயரை எதிர்பார்த்தால், சுற்றுப்பட்டு ஊர்க்காரர்களின் பெயர்களாக இருக்கின்றன. குரத்திகள் என்ற பெண் துறவிகளும் நிறைய. குமரிப் பக்கத்திலிருந்தெல்லாம் வந்திருக்கிறார்கள். ஆயிரத்துச் சொச்சம் வருஷமாக ஊர்ப் பெயரோடு ஆள் பெயரும் பாறையில் கிடக்கிறது. கோயில் சுவரில் டியூப்லைட் உபயம் எழுதுகிறோமே, அதே ஆசைதான்.

அங்கே நின்று பார்த்தால் நாலா பக்கமும் கரிசல். மழை குடித்து மையாக இருந்தது. "எல்லாம் வயலா?" என்றார். இங்கே வயல் என்று யாரும் சொல்வதில்லை, காடு. "காட்டுக்குப் போயிட்டு வாரேன்" என்றால் மரங்களைத் தேடக் கூடாது. எல்லாம் மானாவாரி. புரட்டாசியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். முன்பு பருத்தி, கம்பு, சோளம். இப்போது உளுந்தும் பாசியும் போக மிச்சமெல்லாம் மக்காச்சோளம். 2018-இல் படைப்புழு வந்து குருத்தைத் தின்ற பிறகும் அதை விடவில்லை. கூலி ஆள் கம்மியாகப் பிடிக்கிற பயிர் வேறெது என்று அப்பா கேட்கிறார். எனக்குப் பதில் தெரியாது.

இறங்கியதும் மச்சானுக்கு எங்கள் காட்டைப் பார்க்க ஆசை. வேண்டாம் என்றேன். கோடையில் கை நுழைகிற அளவு வெடித்துக் கிடக்கிற மண், ஒரு மழை பெய்தால் பசையாகிவிடும். பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போன காலத்தில் மட்கார்டுக்குள் மண் அடைத்துச் சக்கரம் நின்றுவிடும். குச்சியால் நோண்டி நோண்டிப் போவோம், முதல் மணி போய்விடும். வாத்தியாரும் அதே பாதையில் வருகிறவர் என்பதால் அடி விழாது.

மச்சான் கேட்கவில்லை. வரப்பிலிருந்து இறங்கி நாலு எட்டு வைத்தார். ஒவ்வொரு எட்டுக்கும் செருப்பில் ஒரு அடுக்கு ஏறி, ஆள் உயரமாகிக்கொண்டே போனார். ஐந்தாவது எட்டில் கால் வந்தது, செருப்பு வரவில்லை. ஒற்றைக் காலில் நின்றுகொண்டு என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மனைவியின் அண்ணன் என்பதால் திரும்பிக்கொண்டேன்.

முளை வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்த அப்பாதான் வெறுங்காலோடு நிதானமாக வந்தார். குனிந்து மண்ணுக்குள் கையை விட்டுத் துழாவி, செருப்பை வெளியே எடுத்தார்.

"இது முளைக்காது தம்பி" என்று சொல்லிக் கையில் கொடுத்தார்.