ஹார்ட் ஃப்ரீஸ் நேரத்தில் இரண்டு பேக்கேஜை டிரிக்ஸிக்குள் கொண்டு சேர்த்தது

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 13-ஆம் பதிப்பு, அதாவது டிரிக்ஸி, 2025 ஆகஸ்ட் 9 அன்று வெளியாகிவிட்டது. நான் பராமரிக்கும் சி லைப்ரரியும் அதை நம்பி ஓடும் கமாண்ட் லைன் கருவியும் இரண்டுமே உள்ளே இருக்கின்றன. மே மாதக் கடைசியில் இரண்டுமே வெளியேற்றப் பட்டியலில், அதாவது வழு தீராததால் வெளியீட்டிலிருந்து நீக்கப்படவிருக்கும் பேக்கேஜ்களின் பட்டியலில், இருந்தன. அதனால் இதைப் பெருமையாகவே எழுதுகிறேன்.

வெளியீட்டுக்கு முன் மாற்றங்களைக் கடுமையாகக் கட்டுப்படுத்தும் ஹார்ட் ஃப்ரீஸ் மே 15 அன்று தொடங்கியது. அதற்குக் கொஞ்ச நாள் கழித்து ஒரு வழு அறிக்கை வந்தது: ஆர்ம்எச்எஃப் (32 பிட் ஆர்ம்) கணினியில், சிதைந்த கோப்பு ஒன்றைக் கொடுத்தால் கருவி அப்படியே செத்துப்போகிறது. காரணம் 64 பிட் நேர மாற்றம். 32 பிட் நேர எண் 2038-இல் நிரம்பிவிடும் சிக்கலுக்காக டிரிக்ஸியில் 32 பிட் ஆர்ம் வகைகளில் நேர மதிப்பு 64 பிட்டாக மாறிவிட்டது. சி மொழியின் லாங் என்ற எண் வகை மட்டும் 32 பிட்டாகவே இருக்கிறது. எங்கள் லைப்ரரியின் ஹெடர் கோப்பில் பிழைச் செய்தி எழுதும் மேக்ரோ ஒன்று உண்டு, அதாவது லைப்ரரியைப் பயன்படுத்தும் நிரலுக்குள் பில்டின்போது அப்படியே பிரதியாகும் கோடுத் துண்டு. அது நேரத்தை லாங் என்று சொல்லி, அச்சிடும் பங்ஷனான பிரிண்ட்எஃபுக்குக் கொடுக்கிறது, அடுத்ததாகக் கோப்புப் பெயரை. அளவு பொருந்தாததால் பெயருக்கான சுட்டியை பிரிண்ட்எஃப் தவறான இடத்திலிருந்து எடுக்கிறது. உடனே செக்மென்டேஷன் ஃபால்ட், அதாவது தவறான நினைவகத்தைத் தொட்டதால் நிரல் நின்றுவிடுவது. இன்றைய பிசிக்களின் ஏஎம்டி64-இல் இரண்டும் 64 பிட், பழைய பிசிக்களின் ஐ386-இல் இரண்டும் 32 பிட், எனவே அங்கெல்லாம் சத்தமே இல்லை. ஆர்ம்எச்எஃப் பில்ட் லாகில் எச்சரிக்கை என்னவோ இருந்தது. ஆனால் டெபியனின் வழக்கமான கம்பைலர் அமைப்பில் அந்த வகை எச்சரிக்கை பில்டை நிறுத்தாது. நிறுத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

திருத்தம் ஒரே வரி: நேரத்தை லாங் லாங் ஆக மாற்றி, பிரிண்ட்எஃபிடமும் அப்படியே சொன்னால் முடிந்தது. கஷ்டமெல்லாம் அதைச் சரியான வரிசையில் ஏற்றுவதில்தான். மேக்ரோ ஹெடரில் இருப்பதால் லைப்ரரியை மட்டும் சரிசெய்தால் கருவி சரியாகாது; புதிய ஹெடரோடு அதையும் மறுபடி பில்ட் செய்ய வேண்டும். கருவியின் சொந்தக் கோடிலும் அதே மாதிரி ஒரு வரி இருந்ததால், வெறும் மறுபில்டைக் கேட்டு வாங்கினாலும் போதாது. கருவியைப் பராமரிப்பவர்கள் வேறு இருவர், ஒருவர் ஐரோப்பாவில், ஒருவர் பிரேசிலில். இதில் ஒருவர் கருவியின் அடுத்த அப்ஸ்ட்ரீம் பதிப்பை (மூல ஆசிரியர்கள் வெளியிட்டதை), புதியவை முதலில் வந்துசேரும் அன்ஸ்டேபிள் கிளைக்கு ஏற்றத் தயாராக வைத்திருந்தார். பார்த்ததும் பதறிப்போய் மடல் போட்டேன். அன்ஸ்டேபிளில் புதிய பதிப்பு உட்கார்ந்துவிட்டால் பழைய பதிப்புக்கான திருத்தம் அந்த வழியாக, அடுத்த வெளியீடாக மாறப்போகும் டெஸ்டிங் கிளைக்குப் போக முடியாது. டெஸ்டிங் ப்ரொபோஸ்ட் அப்டேட்ஸ் என்ற பக்கவழியில்தான் போக வேண்டும். அந்த வழியில் போவதை யாரும் இயக்கிப் பார்த்திருக்க மாட்டார்கள். வெளியீட்டுக் குழுவுக்கும் அது பிடிக்காது, நியாயம்தான். அவர் உடனே புரிந்துகொண்டு, தனியாக நிற்கும் சோதனைக் கிளையான எக்ஸ்பெரிமென்டலுக்கு மாற்றினார். இந்த முழு வேலையிலும் மிக முக்கியமான மடல் அதுதான்.

வரிசை இப்படி முடிவானது. முதலில் லைப்ரரி. கருவியின் பில்ட் சார்புப் பட்டியலில் 'இந்தத் திருத்தம் உள்ள பதிப்போ அதற்கு மேலோ' என்று இறுக்கிவிட்டோம். அப்படிச் செய்தால் கருவியை எப்போது ஏற்றுவது என்று மூன்று நேர மண்டலத்தில் கடிகாரம் பார்க்கத் தேவையில்லை. ஒவ்வொரு ஆர்கிடெக்சரிலும் (செயலி வகையிலும்) புதிய லைப்ரரி பில்ட் ஆகும்வரை பில்ட் சர்வரே கருவியை நிறுத்தி வைக்கும். ரிஸ்க்வி64 ஆர்கிடெக்சர் இந்த வெளியீட்டில்தான் அதிகாரப்பூர்வமாகச் சேர்ந்தது; மற்றவற்றைவிடத் தாமதமாக வந்தது, ஆனால் வந்துவிட்டது.

லைப்ரரிக்கு ஆட்டோபிகேஜிடெஸ்ட், அதாவது நிறுவிய பேக்கேஜைத் தானாகவே இயக்கிப் பார்க்கும் சோதனை, இருக்கிறது; அது கீ பேக்கேஜும் (டெபியன் முக்கியமாகக் கருதும் பேக்கேஜ்) இல்லை. அதனால் ஹார்ட் ஃப்ரீஸில்கூட 20 நாள் அன்ஸ்டேபிளில் பிரச்சினை இல்லாமல் இருந்தால் தானாகவே டெஸ்டிங்குக்குப் போய்விடும். கருவிக்கு அந்தச் சோதனை இல்லை. எனவே வெளியீட்டுக் குழுவிடம் அனுமதி கேட்கும் அன்பிளாக் கோரிக்கை கட்டாயம்.

சரி, இப்போது டெப்டிஃப், அதாவது ஒரு பேக்கேஜின் இரண்டு பதிப்புகளுக்கு இடையிலான வித்தியாசக் கோப்பு. இதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

அன்பிளாக் கேட்கும்போது டெஸ்டிங்கில் உள்ள பதிப்புக்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசத்தை இணைக்க வேண்டும். வெளியீட்டுக் குழுவினர் தன்னார்வலர்கள். இதை வரிவரியாகப் படிப்பார்கள். இரண்டு வரித் திருத்தத்துக்கு 400 வரி டெப்டிஃப் அனுப்பினால் அது அவர்கள் நேரத்துக்குச் செய்யும் அநியாயம். எங்கள் முதல் வரைவு அப்படித்தான் வீங்கியிருந்தது. ஜிபிபி பிக்யூ என்ற கருவியில் பேட்ச்களை (மூலக் கோடில் நாங்கள் செய்யும் திருத்தக் கோப்புகளை) எக்ஸ்போர்ட் செய்தபோது, தொடாத பேட்ச்களின் தலைப்பெல்லாம் மாறியிருந்தது. இடையில் ஒரு புதிய பேட்ச் சேர்ந்தால் அதற்குப் பின்னால் உள்ளவற்றின் கோப்புப் பெயரில் இருக்கும் எண் மாறிவிடுகிறது, அப்புறம் இன்டெக்ஸ் வரிகள் வேறு. கோப்புப் பெயரில் எண் போடாதே என்ற ஆப்ஷன் ஜிபிபியிலேயே உண்டு. அதே வேலைக்குக் குவில்ட் என்ற கருவியைப் பயன்படுத்துபவர்கள் ரிஃப்ரெஷ் செய்யும்போது டைம்ஸ்டாம்ப் வேண்டாம், இன்டெக்ஸ் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஃப்ரீஸ் நேரத்தில் என்னைக் கேட்டால், பழைய பேட்ச்களை ரிஃப்ரெஷ் செய்யவே வேண்டாம். புதிய பேட்சைக் கடைசியில் சேர்த்து, பேட்ச்களின் வரிசைப் பட்டியலான சீரிஸ் கோப்பில் ஒரு வரி கூட்டினால் போதும்.

இன்னொன்று, பேட்ச் கோப்பையே டெப்டிஃபில் படிப்பது. வித்தியாசத்தின் வித்தியாசம் அது. வரியின் தொடக்கத்தில் இரண்டு கூட்டல் குறி, ஒரு கூட்டலும் ஒரு கழித்தலும் என்று வரும். எது கோடில் சேர்ந்தது, எது நீங்கியது என்று கண் தடுமாறும். அதனால் கோரிக்கையிலேயே, பேட்ச் போட்டபின் சோர்ஸ் எப்படி மாறுகிறது என்பதைத் தனியாகவும் ஒட்டினோம். ஸ்டாண்டர்ட்ஸ் வெர்ஷன் (பேக்கேஜ் பின்பற்றும் டெபியன் கொள்கையின் பதிப்பெண்) ஏற்றுவது, பேக்கேஜ் விவரங்கள் உள்ள கன்ட்ரோல் கோப்பை அழகாக அடுக்குவது எதையும் இந்த நேரத்தில் தொடக்கூடாது. பிரேசில் நண்பர் ஆவணத்தில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்த விரும்பினார். ஃப்ரீஸ் கொள்கை ஆவணத் திருத்தத்தை அனுமதிக்கிறது, அதனால் அது மட்டும் உள்ளே வந்தது. கடைசி டெப்டிஃப், சேஞ்ச்லாகையும் சேர்த்து, ஒரே திரையில் அடங்கியது. அதைப் பார்த்தபோது வந்த நிறைவு பெரிது.

கோரிக்கையின் வார்ப்புருவில் காரணம், தாக்கம், சோதனை, அபாயம் என்று தலைப்புகள் இருக்கும். அபாயம் என்ற இடத்தில் 'ஒன்றுமில்லை' என்று எழுதாதீர்கள். எந்த வரி, எந்த ஆர்கிடெக்சரில் எப்படி நடந்துகொள்ளும் என்று நாங்கள் எழுதியிருந்தோம். ஒரு கேள்விகூட வராமல் அனுமதி கிடைத்தது. இடையில் வெளியேற்றக் கடிகாரமும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வழு அறிக்கைக்கு உருப்படியான தகவலோடு மடல் போட்டால் கடிகாரம் தள்ளிப்போகும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஃப்ரீஸில் ஒருமுறை டெஸ்டிங்கிலிருந்து வெளியேறினால் திரும்ப வர வழியில்லை. எனவே வேலை நடக்கும்போது அதை வழு அறிக்கையில் எழுதி வையுங்கள்.

சோதனைக்கு, ஆர்ம் கணினியைப் போலவே நடிக்கும் க்யூஎம்யூ மென்பொருளிலும் ஓட்டினேன், அங்கேயும் வழு அப்படியே தெரிந்தது. ஆனாலும் நிஜ பலகையில் பார்க்காமல் எனக்கு மனம் ஒப்பாது. ரிச்சி தெருவில் வாங்கிய பழைய ராஸ்பெரி பை என்ற சிறு ஆர்ம் கணினி ஒன்று இருக்கிறது, அது நன்றாகவே ஓடுகிறது. அதோடு ஒரு கடையில் தந்த மெமரி கார்டுதான் பேக்கேஜைப் பில்ட் செய்யும் எஸ்பில்ட் ஓடும்போதே படிக்க மட்டும் என்ற நிலைக்குப் போய்விட்டது. பில்ட் வேலைக்கு மலிவான கார்டு வாங்காதீர்கள். யூஎஸ்பியில் ஒரு சிறிய எஸ்எஸ்டி போட்டுவிடுங்கள். ஏபிடி கேச்சர் என்ஜி ஒன்றையும் வீட்டு நெட்வொர்க்கில் வைத்தால் ஒவ்வொரு பில்டுக்கும் அதே பேக்கேஜ்களை மறுபடி இறக்க வேண்டியதில்லை.

இப்போது அடுத்த வெளியீடான ஃபோர்கி. எக்ஸ்பெரிமென்டலில் இருக்கும் கருவியின் புதிய பதிப்பு அன்ஸ்டேபிளுக்கு வர வேண்டும். அதற்கு லைப்ரரியின் அடுத்த சோநேம் (நிரல்கள் லைப்ரரியை அடையாளம் காணும் பதிப்புப் பெயர்) தேவை. பைனரி பேக்கேஜின் பெயர் மாறுவதால், புதிய பெயர்களைச் சரிபார்க்கும் நியூ வரிசையில் நிற்க வேண்டும். நான் டெபியன் மெயின்டெய்னர் (வரம்புள்ள ஏற்றும் உரிமை கொண்டவர்) மட்டுமே என்பதால் நியூவுக்கு நானே ஏற்ற முடியாது, எனக்காக ஏற்றித் தரும் ஸ்பான்சர் ஒருவர் வேண்டும். அங்கே பைனரியோடு ஏற்றி, அனுமதி வந்தபின் சோர்ஸ் மட்டும் கொண்ட அப்லோடு இன்னொன்று போட்டால்தான் டெஸ்டிங்குக்கு நகரும். இந்த லைப்ரரி மாற்றத்துக்கு அனுமதி கேட்கும் டிரான்சிஷன் கோரிக்கையை இன்னும் அனுப்பவில்லை. அதற்குள் கருவிக்கு ஆட்டோபிகேஜிடெஸ்ட் எழுத உட்கார்ந்துவிட்டேன்: சிதைந்த கோப்பைக் கொடுத்து, பிழைச் செய்தியில் தேதியும் பெயரும் சரியாக வருகின்றனவா என்று பார்க்கும் சின்ன ஷெல் ஸ்கிரிப்ட். ஏஎம்டி64-இல் தேறிவிட்டது, ஆர்ம்எச்எஃபில் இன்றிரவு ஓட்ட வேண்டும்.