புகையே வராத காருக்கு எதுக்கு ஸ்டிக்கர்?

ஐரோப்பாவில் நகரத்துக்குள் போக ஸ்டிக்கர் சிக்கல் வரும், பழைய டீசல் கார் மட்டும் வேண்டாம் என்று நான் சொன்னதும் மச்சானுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. ஹட்டனில் வேன் வைத்து ஹயர் ஓடுகிறவர் அவர், கினிகத்தேனை ஏற்றத்தில் ஆட்களும் மூட்டைகளுமாக ஏறும்போது டீசல் இழுக்கிற இழுவை பெற்றோலுக்கு வராது என்று கண்ணால் கண்டவர். இப்போது மருமகன் வேலைக்கு ஜெர்மனி வரப்போகிறான், வந்ததும் மலிவாக ஒரு பழைய டீசலை எடுத்துவிட்டால் செலவு மிச்சம் என்பது அவர் கணக்கு. "நம்ம வேன் ஒரு தடவையாவது புகை டெஸ்ட்டில ஃபெயிலானதா? ஒழுங்கா பார்த்துக்கிட்டா டீசலுக்கு என்ன குறை மச்சான்?" என்றார்.

கேள்வி நியாயம்தான். இலங்கையில் வருஷா வருஷம் ரெவனியூ லைசன்ஸ் என்ற வண்டி அனுமதி எடுக்க இன்சூரன்ஸோடு புகைச் சான்றிதழும் வேண்டும். புகைக்குழாயில் கருவியைச் செருகி, டீசல் என்றால் ஆக்சிலேட்டரை அடிவரை மிதிக்க வைத்து, வருகிற புகை எவ்வளவு கறுப்பு என்று அளக்கிறார்கள். அதனால் டெஸ்ட்டுக்கு முன்னால் ஏர் ஃபில்டரை மாற்றி, இன்ஜெக்டரைச் சுத்தம் செய்துகொண்டு போனால் காரியம் முடிந்தது. (நுவரெலியா உயரத்தில் காற்றில் ஒட்சிசன் குறைவு, டர்போ இல்லாத பழைய டீசல் அங்கே இன்னும் கறுப்பாகத்தான் ஊதும், றம்பொடை ஏற்றத்தில் பஸ்ஸுக்குப் பின்னால் போனவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.)

ஜெர்மனியிலும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புகைப் பரிசோதனை உண்டு. ஆனால் நகரத்துக்குள் விடுகிற ஸ்டிக்கர் அதைப் பார்த்துக் கொடுப்பதில்லை, வண்டி செய்யப்பட்டபோது எந்த யூரோ தரத்தில் (ஐரோப்பியப் புகை அளவுகோல், எண் கூடக் கூடச் சுத்தம்) செய்யப்பட்டது என்பதைத்தான் பார்க்கிறது. எஞ்சினை எவ்வளவு துடைத்து வைத்தாலும் யூரோ 3 யூரோ 6 ஆகாது. பேர்லின், கொலோன், ஹனோவர் மூன்றும் 2008 ஜனவரியில் ஸ்டிக்கர் உள்ள வண்டி மட்டும் நுழையக்கூடிய இந்த வலயங்களைத் தொடங்கின. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று நிறம் இருந்தாலும் இன்றைக்குப் பச்சை இல்லாமல் ஏறக்குறைய எங்கேயும் உள்ளே போக முடியாது. டீசலுக்குப் பச்சை கிடைக்க யூரோ 4, அல்லது துகள் வடிகட்டி பூட்டிய யூரோ 3 ஆக இருக்க வேண்டும். ஸ்டிக்கர் இல்லாமல் அகப்பட்டால் 100 யூரோ, ஓட்டாமல் சும்மா நிறுத்தி வைத்திருந்தாலும் அதேதான்.

புதிதாக வருகிறவர்கள் கவனிக்காத ஒன்று இருக்கிறது. அந்தப் பச்சை வட்ட ஸ்டிக்கரில் பெரிதாக 4 என்று இருக்கும், அதற்குக் கீழே சின்ன வெள்ளைக் கட்டம், அதில் வண்டி நம்பரைப் பேனாவால் எழுதியிருப்பார்கள். செக்கன்ட் ஹேண்ட் கார் வாங்கி நம்பர் மாறினால் பழையவருடைய நம்பரோடு இருக்கிற ஸ்டிக்கர் செல்லாது. வெயிலில் மை மங்கி வாசிக்க முடியாமல் போனாலும் புதிதாக ஒட்ட வேண்டும். விலை ஒன்றும் பெரிதில்லை, ஒரு சாப்பாட்டுக் காசுகூட வராது, அதனால்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

உண்மையைச் சொன்னால் ஜெர்மனியில் பச்சைக்கு இப்போது பெரிய மதிப்பில்லை, ரோட்டில் போகிற கார் எல்லாம் பச்சைதான், ஹனோவர் 2024இல் தன் வலயத்தையே எடுத்துவிட்டது. சிக்கல் எல்லை தாண்டும்போதுதான். நம்மவர்கள் சாமான் வாங்க, தேர் பார்க்க பாரிஸில் லா சப்பலுக்குப் போகாமல் இருப்பார்களா? ஜெர்மன் பச்சை அங்கே செல்லாது, கிறித்ஏர் என்ற பிரெஞ்சு ஸ்டிக்கர் வேண்டும். யூரோ 4 டீசல் ஜெர்மனியில் பச்சை, பிரான்ஸில் அதுவே கிறித்ஏர் 3 (அங்கே எண் கூடக் கூட அழுக்கு). 2025 ஜனவரியிலிருந்து பாரிஸிலும் சுற்றியுள்ள ஏ86 வளைய வீதிக்குள்ளும் கிறித்ஏர் 3க்கு வார நாட்களில் காலை 8 முதல் இரவு 8 வரை தடை வந்தது. ஞாயிறு தேருக்கு அந்தத் தடை இல்லை. அதே வருஷம் மே மாதம் பிரெஞ்சு தேசிய சபை இந்த வலயங்களையே ஒழிக்க வாக்களித்தது, ஆகவே கிளம்புகிற வாரம் நிலைமையைப் பார்த்துவிட்டுத்தான் புறப்பட வேண்டும். ஸ்டிக்கரை அரசாங்கத்தின் சொந்தத் தளத்தில் எடுத்தால் தபால் செலவோடு சில யூரோதான். அதே மாதிரி தோற்றத்தில் பல மடங்கு காசு பிடுங்குகிற தளங்களும் இருக்கின்றன. தபாலில் வர நாளாகும், முன்கூட்டியே போட்டுவிட வேண்டும்.

லண்டன் இன்னும் மோசம், ஏனென்றால் அங்கே கண்ணில் படுகிற மாதிரி ஸ்டிக்கரே கிடையாது, கேமரா நம்பரைப் பார்த்துக்கொள்கிறது. 2023 ஆகஸ்ட் 29 முதல் ஹரோ போன்ற வெளிப் பகுதிகளும் சேர்ந்து லண்டன் முழுக்க வலயத்துக்குள் வந்துவிட்டது. பெற்றோல் யூரோ 4, டீசல் யூரோ 6 இல்லையென்றால் நாளுக்கு 12.50 பவுண். நாள் என்பது நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை, கலியாண வீட்டிலிருந்து இரவு 11 மணிக்குக் கிளம்பி 1 மணிவரை லண்டனுக்குள்ளேயே ஓடினால் இரண்டு நாள் காசு. வெளிநாட்டு நம்பர் என்றால் முன்னமே பதிய வேண்டும், கார் நல்ல தரமாக இருந்தாலும்தான். என் நண்பர் ஒருவர் போர்டைப் பார்த்தும் "நமக்கில்லை" என்று போய் வந்தார், பிறகு ஜெர்மனி முகவரிக்கே கடிதம் வந்தது.

இவ்வளவும் சொன்ன பிறகும் மச்சான் "அப்போ ஐரோப்பாவில ஏற்றமே இல்லையா?" என்றுதான் கேட்டார். மருமகன் போகிற ஊர் தட்டை, ஹட்டன் ஏற்றத்துக்கு ஏற்ற எஞ்சின் அங்கே தேவையில்லை, ஒரு யூரோ 5 பெற்றோல் போதும் என்றேன். மருமகனிடம் தனியாக ஒன்று சொல்லியிருக்கிறேன்: எந்தக் கார் பிடித்தாலும் முற்பணம் கொடுப்பதற்கு முன்னால் பதிவுப் பத்திரத்தில் 14, 14.1 என்ற கட்டங்களைப் படம் எடுத்து எனக்கு வாட்ஸ்அப் பண்ணு, தரம் அதில்தான் எழுதியிருக்கும், விற்கிறவன் வாயில் இல்லை.