கிணற்று முறை

அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் நடந்த கிணற்று வழக்கு ஆறு வருடம் ஓடியது. கிணறு பொது, மோட்டாரும் பொது, முறை ஒருநாள் விட்டு ஒருநாள். தகராறே அந்த முறையில்தான். வாய்தாவுக்குப் போகும் நாளெல்லாம் கோர்ட் வாசல் டீக்கடையில் ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் முதுகைக் காட்டி உட்கார்ந்து டீ குடிப்பார்கள், நடுவில் நான் இரண்டு பக்கமும் பார்த்துச் சிரித்துவைப்பேன்.

ஒருநாள் நீதிபதி வழக்கைச் சமரச மையத்துக்கு அனுப்பினார். (2005-இல் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் தொடங்கி அப்புறம் மாவட்டங்களுக்கும் வந்த ஏற்பாடு இது.) "பஞ்சாயத்துதானே, அதுதான் ஊரிலேயே பார்த்தாச்சே" என்றார் அப்பா. ஊரில் பார்த்தது எங்களுக்குத் தெரியும். தீர்ப்பு சொன்ன பெரியவர்கள் முதல்நாள் ராத்திரி யார் வீட்டில் சாப்பிட்டார்கள் என்பது ஊருக்கே தெரியும்.

இங்கே இருந்தது ஒரு வக்கீல் அம்மா. எடுத்த எடுப்பிலேயே, "நான் தீர்ப்பு சொல்ல மாட்டேன், இங்கே பேசுறதை யாரும் கோர்ட்டில் போய்ச் சொல்லவும் முடியாது" என்றார். பிறகு இருவரிடமும் தனித்தனியாகப் பேசினார். அப்பாவிடம் அவர் கேட்டது ஒன்றுதான்: "உங்க தம்பியோட வக்கீல் நீங்கன்னு வெச்சுக்குங்க, அவர் கேஸை எனக்குச் சொல்லுங்க பார்ப்போம்." அப்பா ரொம்ப நேரம் வாயே திறக்கவில்லை. அப்புறம் மெதுவாக, "கரண்ட் போன நாளெல்லாம் அவன் முறையிலேயே போச்சு, நெல்லு காஞ்சுது" என்றார். ஆறு வருடத்தில் இதை அவர் வாயால் கேட்டது அன்றைக்குத்தான்.

வடக்கு அயர்லாந்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்த டீக்கடை பெஞ்சுதான் எனக்கு ஞாபகம் வரும். பிரிட்டனோடேயே இருக்க வேண்டும் என்றவர்களுக்கும் அயர்லாந்தோடு சேர வேண்டும் என்றவர்களுக்கும் நடந்து, 3,500 பேருக்கு மேல் செத்த சண்டை அது, எங்கள் கிணற்றோடு ஒப்பிடவே கூடாது, தெரியும். ஆனால் அங்கேயும் அமெரிக்காவின் ஜார்ஜ் மிட்செல் 1996-லிருந்து ஏறக்குறைய இரண்டு வருடம் நடுவில் உட்கார்ந்து பேச்சை நடத்தினார், 1998 ஏப்ரல் 10-இல் ஒப்பந்தமும் வந்துவிட்டது. இரண்டு தரப்புத் தலைவர்களான டேவிட் டிரிம்பிளும் ஜெர்ரி ஆடம்ஸும் தனியாக நேருக்கு நேர் உட்கார்ந்ததோ அதற்கப்புறம், செப்டம்பரில்! முகம் பார்க்காதவர்களுக்கு நடுவிலும் ஒப்பந்தம் போடலாம் போலிருக்கிறது. "முதல்ல கைகொடுங்க, கட்டிப்பிடிங்க" என்று ஆரம்பிக்கும் சமாதானத்தில் எனக்கு நம்பிக்கையே இல்லை.

எல்லா இடத்திலும் இது பலிக்காது. அயோத்தி வழக்கில் 2019-இல் உச்ச நீதிமன்றம் நியமித்த மூவர் குழுவில் ஓய்வுபெற்ற நீதிபதி கலிஃபுல்லா, மூத்த வக்கீல் ஸ்ரீராம் பஞ்சு என்று நம்மூர்க்காரர்களே இருந்தார்கள், மாதக்கணக்கில் பேசியும் முடியவில்லை, கடைசியில் தீர்ப்புதான் வந்தது. ஒருத்தர் கை ரொம்ப ஓங்கியிருக்கும் இடத்தில், முக்கியமாகப் பெண்டாட்டியை அடிக்கிறவனோடு "பேசித் தீர்த்துக்கோம்மா" என்பதெல்லாம் சமரசமே இல்லை.

எங்கள் வழக்கு மூன்றாவது அமர்வில் முடிந்தது. முறையை நாள் கணக்கில் வைக்காமல், மும்முனை மின்சாரம் வந்த மணிக்கணக்கில் வைப்பது என்று முடிவாயிற்று. கட்டிய கோர்ட் ஃபீஸும் திரும்பக் கிடைத்தது. மோட்டார் ரூமில் ஒரு நாற்பது பக்க நோட்டு ஆணியில் தொங்குகிறது. அப்பாவும் சித்தப்பாவும் இன்னும் பேசிக்கொள்வதில்லை, நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள். போன மாதம் சித்தப்பா கையெழுத்தில் ஒரு வரி பார்த்தேன்: "ஃபுட்வால்வு மாத்தியாச்சு, காசு வேண்டாம்."