அரைப் பேர்

யாழ்ப்பாணத்தில் எங்களுக்குப் படிப்பித்த தமிழ் மாஸ்டர் காலமான செய்தி சென்ற ஆண்டு ரொறன்ரோவுக்கு வந்தபோது, சங்கம் நடத்திய இரங்கல் கூட்டத்தில் பேசியவர்கள் அவருடைய பிரம்பையும் வெண்பாவுக்கு அவர் சீர் பிரித்துக் காட்டும் அழகையும் நினைவுகூர்ந்தார்கள். எனக்கு நினைவில் நிற்பது அவருடைய சிரிப்பு. 1978ஆம் ஆண்டில் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், பிரார்த்தனை மண்டபத்தில் வேறு எவருமே சிரிக்காதபோது அவர் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அன்று அங்கே இருந்தவர்களில் சிலராவது இதை வாசிப்பார்கள் என்பதால்தான் எழுதுகிறேன்.

சிரிப்பை மாஸ்டர் ஒரு பாடமாகவே கற்பித்தார். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று தொல்காப்பியர் நகைக்குச் சொன்ன நான்கு நிலைக்களன்களையும் கரும்பலகையில் எழுதி, எள்ளலின் கீழ் மட்டும் இரட்டைக் கோடு இழுப்பார். ஆர் ஆரை எள்ளுகிறார் என்று கேட்டுவிட்டுத்தான் மேற்கொண்டு நடத்துவார். பேராசிரியர் க. கணபதிப்பிள்ளையின் ‘உடையார் மிடுக்கு’ நாடகத்தை அவர் குரல் மாற்றி வாசித்ததை எந்த வகுப்பும் மறந்திருக்காது. லண்டன் சென்று கலாநிதிப் பட்டம் பெற்றுவந்த ஒருவர், மேடைத் தமிழென்றால் செந்தமிழ்தான் என்றிருந்த காலத்தில், நம்முடைய வீட்டுப் பேச்சை அப்படியே மேடையேற்றி, 1940இல் அந்த நாடகத்தை வேறு மூன்றுடன் சேர்த்து ‘நானாடகம்’ என்று அச்சிலும் கொண்டுவந்தது பெரிய துணிச்சல் என்பார். ‘சிரித்திரன்’ நகைச்சுவை ஏட்டின் புதிய இதழ் வந்த அன்று இலக்கணப் பாடம் நடக்காது. கரவெட்டியில் பிறந்த சுந்தர் வரைந்த சவாரித் தம்பர் என்ற கேலிச்சித்திரப் பாத்திரத்தைக் காட்டி, “இவர் எங்கட ஆள், எங்களை நாங்களே பாத்துச் சிரிக்கிறம். அதிலதான் மருந்து இருக்கு” என்பார்.

அவரிடம் இவ்வளவும் படித்த பிறகுதான் நான் அந்த ஓரங்க நாடகத்தை எழுதினேன். கலைவிழாவுக்கு நகைச்சுவை நாடகம் வேண்டுமென்று மன்றத்தில் கேட்டார்கள். யாழ்ப்பாணத்து வீடொன்றுக்கு இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுள்ள மலைநாட்டிலிருந்து வேலைக்கு வந்த பையன் நம்முடைய பேச்சு விளங்காமல் படும் பாடுதான் என் கதை. முற்றத்தை நன்றாகக் கூட்டு என்ற பொருளில் “முத்தத்தை வடிவாக் கூட்டு” என்று வீட்டுக்கார அம்மா சொல்ல, அவன் அழகாக என்று பொருள்கொண்டு விளக்குமாற்றால் மணலில் கோலம் போடுவான். விரைவாக வா என்பதை “கெதியா வா” என்றால் விழிப்பான். ஒத்திகையில் பெடியன்கள் வாங்குகளில் அடித்துச் சிரித்தார்கள்.

எங்கள் வகுப்பில் அப்போது மலைநாட்டு மாணவன் ஒருவன் இருந்தான். 1977 ஆவணியில் தமிழருக்கு எதிராக நடந்த வன்செயலில், அவர்கள் குடியிருந்த தோட்டத்து லயம் எரிந்து, குடும்பத்தோடு வடக்கே ஓடிவந்து, கடையொன்றில் எடுபிடி வேலை செய்துகொண்டு படித்தான். மாஸ்டர் அதிபரிடம் மன்றாடித்தான் அவனுக்கு இடம் வாங்கிக் கொடுத்தார் என்பது எனக்குப் பின்னரே தெரியவந்தது. நாடகத்தில் பேசுவது அவனுடைய பேச்சு என்பது எல்லோருக்கும் தெரியும். அவன் மண்டபத்தின் கடைசி வாங்கில் இருந்தான்.

மாஸ்டர் கொப்பியை வாங்கிப் பாத்திரப் பட்டியலைப் பார்த்தார். “எல்லாருக்கும் பேர் வைச்சிருக்கிறீர். இந்தப் பெடியனுக்கு மட்டும் ஏன் வேலைக்காரன் எண்டு போட்டிருக்கிறீர்? அவனுக்குப் பேரில்லையோ?” என்று கேட்டார். என்னிடம் பதிலில்லை. பிறகு அவனை முன்னே அழைத்து, நாடகம் எப்படியிருக்கிறது என்று கேட்டார். நெடுநேரம் நின்றுவிட்டு, “வாசல் கூட்டத் தெரியாதவங்க எங்க லயத்துல யாரும் இல்லைங்க சார்” என்றான்.

“அப்ப உங்கட லயத்தில ஆரைப் பாத்துச் சிரிப்பினம்? செய்து காட்டும்.”

முதலில் தோட்டத்தை நடத்தும் துரையைச் செய்தான். வெள்ளைக்காரச் சின்னத்துரைமார் தோட்டத்துத் தமிழைக் கற்பதற்கென்றே முன்னாளில் கைநூல்கள் அச்சிட்டிருந்தார்கள். அவற்றில் பெரும்பாலும் ஏவல் வினைகள்தான். வா, போ, எடு, வெட்டு என்ற நான்கு சொற்களை வைத்துக்கொண்டு, தன் நாய்க்குட்டிக்கும் மனைவிக்கும் கடவுளுக்கும் கட்டளையிடும் துரையை அவன் தாத்தாவிடமிருந்து கற்றிருந்தான். மண்டபம் அதிர்ந்தது. அடுத்து, மூக்குக் கண்ணாடியை நுனிக்கு இறக்கி, காதில் பென்சிலைச் செருகி, இடது கையால் தராசுத் தட்டை மெல்லத் தூக்கிப் பிடித்தபடி, பிசகாத யாழ்ப்பாணத் தமிழில் பேசினான்: “கெதியா வா, கெதியா. இது ஈரக் கொழுந்து. ரெண்டு றாத்தல் வெட்டு. என்ன கதைக்கிறாய்? உனக்கு அரைப் பேர்.” அரைப் பேர் என்றால் அரைநாள் சம்பளம், நாள் முழுக்கக் கொழுந்து பறித்தவளுக்கு நிறை காணவில்லை என்று தோட்டத்துக் கிளாக்கர் செக்றோல் என்ற சம்பளப் பதிவேட்டில் போடுவது.

என் தகப்பனார் ஹற்றன் பக்கத்துத் தோட்டமொன்றில் இருபத்திரண்டு ஆண்டுகள் கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்றவர். அது வகுப்பு முழுவதற்கும் தெரியும். எல்லா முகங்களும் என் பக்கம் திரும்பின. அப்போதுதான் மாஸ்டர் சிரித்தார்.

அன்றிரவு ஐயா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். நான் எழுதிய வசனங்களில் பாதி, இராச்சாப்பாட்டு வேளையில் அவர் சொல்லி நாங்கள் சிரித்த தோட்டத்துக் கதைகளிலிருந்து வந்தவை. அவரிடம் ஒன்றும் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்காமலே அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

மாஸ்டர் எங்கள் இருவரையும் சேர்ந்து நாடகத்தைத் திருத்தி எழுதச் சொன்னார். இரண்டு கிழமை, நூலகத்துப் பின் விறாந்தையில், ஒரே கொப்பியில் எழுதினோம். மன்னிப்புக் கேட்க நான் ஒவ்வொரு நாளும் எண்ணி, ஒவ்வொரு நாளும் தள்ளிப்போட்டேன். விழாவுக்குப் பத்து நாள் இருக்கையில் அவன் வரவில்லை. அவனுடைய குடும்பத்துக்கு இந்தியக் கடவுச்சீட்டு வந்துவிட்டது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் மலைநாட்டுத் தமிழரில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று ஒப்பமிட்டபோது அவன் பிறந்திருக்கவே மாட்டான். தலைமன்னாரில் கப்பலேறிப் போய்விட்டான். அவனுடைய பாத்திரத்தை வேறொருவருக்குக் கொடுக்க மாஸ்டர் சம்மதிக்கவில்லை, நாடகம் மேடையேறவில்லை.

நான் 1984இல் புறப்பட்டேன். இங்கே முதலில் கிடைத்த இரவு வேலையில், பெட்டி அடுக்கும் இடத்தில், மேற்பார்வையாளன் என் ஆங்கிலத்தை என்னைப் போலவே தலையை ஆட்டிப் பேசிக் காட்ட, மற்றவர்கள் சிரித்தார்கள். வேலை போய்விடுமென்று பயந்து நானும் சேர்ந்து சிரித்தேன். இடைவேளையில் பனிக்குள் நின்றபோது கடைசி வாங்கில் இருந்தவனின் முகம்தான் வந்தது. மாஸ்டருக்கு எழுத வேண்டுமென்று அன்றே நினைத்தேன். நாற்பது ஆண்டுகளில் மூன்று கடிதங்கள் எழுதினேன். மூன்றிலும் இதைத் தவிர மற்றெல்லாம் இருந்தன.

மாஸ்டரின் மகன் இந்தத் தை மாதம் ஒரு பொதி அனுப்பியிருந்தார். உள்ளே அந்தக் கொப்பி. முதற்பக்கத்தில் என் கையெழுத்திலிருந்த ‘வேலைக்காரன்’ என்ற சொல் பென்சிலால் ஒரே கோடாக வெட்டப்பட்டிருந்தது. அதன் மேல், சரிந்த எழுத்தில், அவன் தன்னுடைய முழுப்பெயரை எழுதியிருந்தான்.