அப்பா செய்த வேலைக்குச் சாட்சி

அப்பாவின் நுரையீரலில் இருப்பது கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தூசு உண்டாக்கிய தழும்பு என்று தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு மார்பு நோய் மருத்துவர் உறுதியாகச் சொல்லிவிட்டார். ஆஸ்பெஸ்டோசிஸ். அதற்கு முன் பல ஆண்டுகளாக வேறொரு மருத்துவமனையில், இது புகைபிடித்ததால் வந்த இருமல் என்று மருந்து கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அப்பா வாழ்நாளில் சிகரெட்டைத் தொட்டவர் அல்லர். அதைச் சொன்னாலும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. புதிய மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே, "ஐயா, நீங்கள் என்ன வேலை பார்த்தீர்கள்?" என்பதுதான். அந்த ஒரு கேள்விக்காக நாங்கள் இத்தனை காலம் காத்திருந்திருக்கிறோம்.

அப்பா பார்த்தது லாகிங் வேலை. நேட்டாலின் வடக்குக் கடற்கரையில் ஒரு சர்க்கரை ஆலைக்கு ஆள் அனுப்பிய ஒப்பந்த நிறுவனத்தில் 1968இல் சேர்ந்து 1989 வரை இருந்தார். கொதிகலனுக்கும் நீராவிக் குழாய்களுக்கும் சூடு வெளியே போகாதபடி மேலுறை பூசுவதுதான் லாகிங். கல்நார்ப் பொடி சாக்கில் வரும். அதை டிரம்மில் கொட்டி, தண்ணீர் விட்டு, சப்பாத்திக்குப் பிசைவதுபோல் வெறுங்கையால் பிசைவார்கள். குழாயைச் சுற்றிக் கம்பி வலை, அதன்மேல் இந்தக் குழம்பு, அதற்கும் மேல் கித்தான் துணி. பூசும்போதாவது ஈரம் உண்டு. பிரித்தெடுக்கும்போதுதான் ஆபத்து. கரும்பு அரைப்பு முடிந்து ஆலை நிற்கும் மாதங்களில், காய்ந்து இறுகிய பழைய உறையைச் சுத்தியலால் தட்டி உடைத்து, துடைப்பத்தால் கூட்டி அள்ளுவார்கள். "எதிரே நிற்பவன் முகம் தெரியாதம்மா, குரலை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிப்போம்" என்கிறார் அப்பா. முகமூடி என்று ஒன்றை அவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

கல்நார் ஆளைக் கொல்லும் என்பது அன்றைக்கு யாருக்கும் தெரியாத ரகசியமா? இல்லை. வடமேற்குக் கேப் பகுதியின் நீலக் கல்நார்ச் சுரங்கங்களுக்கும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை வாக்னர் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் 33 நோயாளிகளைக் காட்டி 1960இலேயே எழுதிவிட்டார்கள். இந்த நாட்டிலேயே செய்த ஆய்வு அது. அப்பா டிரம்மில் கைவிட்டது அதற்கு எட்டு ஆண்டுகள் கழித்து. இந்த நாடு கல்நாரைத் தடைசெய்ததோ 2008இல்தான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

அப்பாவுக்கு இந்த நோய் என்று தெரிந்ததும் கோயிலில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். "டிரஸ்டில் பணம் கொடுக்கிறார்களாமே, போய் எழுதிப் போடுங்கள்" என்பதுதான் அதிகம் கேட்டது. இதில் பலருக்குக் குழப்பம் இருப்பதால் விளக்கிவிடுகிறேன். சியாமிசோ டிரஸ்ட் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்கானது. 1965 மார்ச் 12 முதல் 2019 டிசம்பர் 10 வரையிலான காலத்தில் குறிப்பிட்ட சுரங்கங்களில் வேலை செய்து, சிலிக்கோசிஸ் என்ற கல்தூசு நுரையீரல் நோயோ காசநோயோ வந்தவர்கள் அதில் கேட்கலாம். 2003இல் தொடங்கிய கல்நார் நிவாரண டிரஸ்டும் குறிப்பிட்ட சில கல்நார்ச் சுரங்கங்களைச் சேர்ந்தவர்களுக்குத்தான். ஆலை, தொழிற்சாலை, கப்பல் பழுதுபார்க்கும் பட்டறை என்று உழைத்த நம்மவர்களுக்குப் பொருந்துவது வேறு சட்டம்: வேலையில் ஏற்படும் காயங்களுக்கும் நோய்களுக்குமான 1993ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம். அந்தச் சட்டத்தின் 35ஆம் பிரிவு, முதலாளிமீது நஷ்டஈட்டு வழக்குப் போடும் உரிமையைத் தொழிலாளியிடமிருந்து எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக இழப்பீட்டு நிதியில் கேட்கச் சொல்கிறது. உடலின் இயலாமை 30 சதவீதம் வரை என்று மதிப்பிட்டால் ஒரே தொகை. அதைத் தாண்டினால் மாத ஓய்வூதியம். காலக்கெடுவும் வேலையை விட்ட நாளிலிருந்து ஓடுவதில்லை, நோய் இன்னதென்று மருத்துவர் கண்டறிந்த நாளிலிருந்தே ஓடுகிறது. "அதெல்லாம் முப்பது வருஷத்துக்கு முந்திய கதை" என்று விட்டுவிடாதீர்கள்.

எக்ஸ்ரே, ஸ்கேன், குழாயில் ஊதிப் பார்க்கும் சோதனை எல்லாம் எங்களிடம் இருந்தன. நின்றுபோனது வேலைக்கான சான்றில். முதலாளி நிரப்ப வேண்டிய படிவத்துக்கு முதலாளியே இல்லை. அந்த நிறுவனத்தை எப்போதோ மூடிவிட்டார்கள். ஆலையில் கேட்டால், ஒப்பந்தக்காரரின் ஆட்களைப் பற்றிய பதிவு தங்களிடம் இல்லை என்று ஒரே வரியில் பதில் வந்தது. இருபத்தொரு வருடம் அந்த வாசல் வழியாகப் போய்வந்த மனிதர் அவர்கள் ஏட்டில் இல்லவே இல்லை.

அம்மாதான் காப்பாற்றினார். கல்யாணப் புடவைக்கு அடியிலிருந்து அப்பாவின் நீல அட்டையை எடுத்துவந்தார். வேலையில்லாக் காலக் காப்பீட்டுக்காக அந்நாளில் தொழிலாளிக்குக் கொடுத்த அட்டை அது. மடிப்பு கிழிந்து, ஓரத்தில் மஞ்சள் கறை படிந்திருந்தது. ஆனால் நிறுவனத்தின் பெயரும் முத்திரையும் சேர்ந்த தேதியும் தெளிவாக இருந்தன. அதைக் கையில் வாங்கியபோது நான் அழுதுவிட்டேன்.

அட்டை, எங்கே வேலை செய்தார் என்பதைக் காட்டும். என்ன தூசில் நின்றார் என்பதைக் காட்டாது. அதற்குக் கூட வேலை பார்த்தவர் ஒருவர் வேண்டும். விசாரித்து விசாரித்து, டர்பனை அடுத்த குவாமாஷுவில் அப்பாவின் பழைய கூட்டாளி ஒருவரைக் கண்டுபிடித்தோம். அப்பா பூசுவார், இவர் பிசைந்து கொடுப்பார். எனக்குத் தெரிந்த ஜூலு மொழியில் "பாபா" (அப்பா) என்று மரியாதையாகக் கூப்பிட்டு வந்த காரணத்தைச் சொன்னேன். எந்தச் சாக்கில் பொடி வரும், எத்தனை மணிக்கு உடைக்கத் தொடங்குவார்கள், எந்தக் கொதிகலனுக்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பிடுவார்கள் என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். காவல் நிலையத்துக்குப் போய் அதைப் பிரமாணப் பத்திரமாக்கி முத்திரை வாங்கினோம். வேலை வரலாற்றுக்கான டபிள்யூ.சி.எல்.110 படிவத்தோடு அதையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறோம். முடிவு இன்னும் வரவில்லை.

எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. அப்பாவின் வேலை உடுப்பைக் கொல்லையில் உதறித் துவைத்தவர் அம்மா. அந்தத் தூசு அவர் மூச்சிலும்தான் போயிருக்கும். இந்தச் சட்டத்தின் கண்ணுக்கு அம்மா தொழிலாளி இல்லை. நாளைக்கு அவருக்கு ஏதாவது வந்தால் நிதியில் கேட்க அவருக்கு இடமில்லை. அப்பா இந்த நோயால் போய்விட்டால் விதவை என்ற முறையில் கேட்கலாமாம். அம்மாவிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பாபாவும் இருமிக்கொண்டேதான் பேசினார். அவருக்கு இதுவரை யாரும் எக்ஸ்ரே எடுக்கவில்லை. அப்பாவின் மருத்துவரிடமே நாள் வாங்கியிருக்கிறேன். அவருக்காகச் சாட்சிப் பத்திரம் எழுத அப்பா தயாராக இருக்கிறார். வெருலம், டொங்காட், ஸ்டேஞ்சர் பக்கம் ஆலைகளில் லாகிங் வேலை பார்த்தவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், நீல அட்டையைத் தேடி எடுத்துவிட்டு எனக்கு எழுதுங்கள். அப்பாவுக்கு அந்தக் காலத்து ஆட்களின் பெயர் எல்லாம் நினைவிருக்கிறது.