அதே குழந்தை, பத்து நாள் கழித்து

"மேடம், இவளுக்கு எல்லாம் நல்லா இருக்குதா?"

தொப்பியைக் கழற்றி முடித்ததும் ஓர் அம்மா என்னிடம் கேட்டார். நான் அப்போது வேலைக்குச் சேர்ந்து ஓர் ஆண்டுகூட ஆகவில்லை. கம்ப்யூட்டரில் அந்தக் குழந்தையின் அளவுகள் சுத்தமாக, இரைச்சல் இல்லாமல் பதிவாகியிருந்தன. "ரொம்ப நல்லா வந்திருக்குங்க" என்று சொல்லிவிட்டேன். நான் சொன்னது பதிவைப் பற்றி, அவர் கேட்டது பிள்ளையைப் பற்றி. அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்த பிறகுதான் தவறு உறைத்தது. பல ஆண்டுகள் ஆகியும் அந்த முகம் மறக்கவில்லை.

எங்கள் வேலை இதுதான். நான்கு முதல் எட்டு மாதக் குழந்தைகள் தாயின் மடியில் உட்கார்ந்து திரையைப் பார்ப்பார்கள். திரையில் ஒரு முகம் சிரிக்கும், பேசும், மறைந்து எட்டிப் பார்க்கும். குழந்தையின் தலையில் மாட்டிய துணித் தொப்பியிலிருந்து அண்மை அகச்சிவப்பு ஒளி உள்ளே போய், மூளையின் மேற்பரப்பைத் தொட்டுத் திரும்பி வரும். ஆக்சிஜன் ஏந்திய ஹீமோகுளோபினும் அதை இழந்த ஹீமோகுளோபினும் ஒளியை வெவ்வேறு விதமாக உறிஞ்சுவதால், மூளையின் எந்த இடத்துக்கு ரத்தம் கூடுதலாகப் போகிறது என்று கணக்கிட முடியும். விஞ்ஞானி ஃப்ரான்ஸ் யோப்சிஸ் 1977-இல் காட்டிய வழி இது. குழந்தையின் மண்டையோடு மெல்லியது, முடியும் குறைவு என்பதால் பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்கே இது பொருந்தி வருகிறது. குழந்தை கொஞ்சம் அசைந்தாலும் பாதகமில்லை. கொஞ்சம்தான்.

ஒரு கட்டத்தில், அதே குழந்தைகளைப் பத்து நாள் கழித்து மறுபடி வரவழைத்து அளந்து பார்ப்பது என்று முடிவு செய்தோம். அதே அறை, அதே படம், அதே தொப்பி. முதலில் எல்லாக் குழந்தைகளின் சராசரியையும் வரைந்தோம். முதல் நாள் கோடும் இரண்டாம் நாள் கோடும் ஒன்றன் மேல் ஒன்று படிந்து கிடந்தன. அறையில் எல்லோருக்கும் சந்தோஷம். அப்புறம் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு புள்ளி என்று வரைந்தோம். முதல் நாள் அளவு கிடைமட்டத்தில், இரண்டாம் நாள் அளவு செங்குத்தில். அளவீடு நம்பகமானதாக இருந்தால் புள்ளிகள் ஒரு சாய்கோட்டை ஒட்டி வரிசைகட்ட வேண்டும். எங்கள் புள்ளிகள் நெல் இறைத்ததுபோல் சிதறிக் கிடந்தன. முதல் நாள் அதிகமாகக் காட்டிய குழந்தை இரண்டாம் நாள் நடுவில் இருந்தது. கடைசியில் இருந்த குழந்தை மேலே போயிருந்தது.

இது எப்படி நடக்கும் என்று எனக்கு வெகுநாள் விளங்கவில்லை. சராசரி அசையாமல் நிற்கிறது, தனித்தனிக் குழந்தை மட்டும் ஏன் நிற்பதில்லை? ஒரு வகுப்பில் எல்லா மாணவர்களும் 91, 92, 93 என்றே மதிப்பெண் வாங்குகிறார்கள் என்று வையுங்கள். வகுப்புச் சராசரி எப்போது பார்த்தாலும் 92 தான். ஆனால் திருத்துபவர் கை ஒரு மதிப்பெண் பிசகினாலே யார் முதல், யார் கடைசி என்பது தலைகீழாகிவிடும். நாங்கள் ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்த காட்சிகள், எல்லாக் குழந்தைகளிடமும் ஏறக்குறைய ஒரே மாதிரி விளைவை உண்டாக்குபவை. அதனால்தான் சராசரி அவ்வளவு உறுதியாக நின்றது. குழந்தைக்குக் குழந்தை வித்தியாசம் மிகச் சிறியது என்பதால் சின்னப் பிழைகூட அதை விழுங்கிவிட்டது. சராசரிக்குப் பலம் கொடுத்த அதே காரணம் தனி அளவீட்டைப் பலவீனமாக்கிவிட்டது.

இதற்கு ஐ.சி.சி. என்று ஓர் எண் இருக்கிறது. மொத்த வித்தியாசத்தில் எவ்வளவு பங்கு உண்மையிலேயே ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசம் என்பதை அது சொல்லும். பொதுவாக 0.75-க்கு மேல் இருந்தால் நல்லது, 0.5-க்குக் கீழே என்றால் மோசம் என்று கொள்வார்கள். குழந்தைகளை அளப்பதால் வரும் சங்கடம் மட்டும்தானோ என்று நினைத்திருந்தேன். பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்து 2020-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு அந்த நினைப்பைக் கலைத்தது. ஸ்கேனருக்குள் படுத்திருப்பவருக்கு ஒரு பணி கொடுத்து, அப்போது மூளையில் ரத்தம் எங்கே கூடுகிறது என்று பார்க்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. அளவீடுகளைச் சேர்த்துப் பார்த்தபோது சராசரி ஐ.சி.சி. 0.397 தான். சொன்னபடி அசையாமல் படுத்திருக்கக்கூடிய ஆட்களிடமே இந்த நிலை என்றால், தொப்பியைப் பிய்த்து வாயில் வைக்கும் ஆறு மாதக் குழந்தையிடம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

சரி, பிழை எங்கிருந்து வருகிறது? அதைத் தேடியதுதான் இந்த வேலையில் நான் மனம் தோய்ந்து செய்த பகுதி. பழைய பதிவுகளையும் வீடியோக்களையும் ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்த்தேன். முதலில் சிக்கியது தொப்பி. ஒளியை அனுப்பும் முனைக்கும் வாங்கும் முனைக்கும் இடையே 2 முதல் 3 செ.மீ. தான் இடைவெளி. தொப்பி 1 செ.மீ. முன்னால் சரிந்தால் நாம் அளப்பது மூளையின் வேறோர் இடத்தை. குழந்தை அழத் தொடங்குமுன் மாட்டிவிட வேண்டும் என்ற அவசரத்தில், நான் மாட்டிய தொப்பிகள் பெரும்பாலும் நெற்றிப் பக்கம் இறங்கியிருந்தன. என்னோடு வேலை பார்த்தவர் மாட்டியவை சற்றுப் பின்னால் இருந்தன. ஒரே குழந்தைக்கு முதல் நாள் நானும் அடுத்த முறை அவரும் மாட்டியிருந்தால் கதை முடிந்தது. அதன் பிறகு மூக்கும் நெற்றியும் சேரும் பள்ளத்திலிருந்தும் காதின் முன்புறத்திலிருந்தும் டேப் வைத்து அளந்து மாட்டினோம். தொடக்கத்தில் ஒரு போட்டோ, முடிவில் ஒரு போட்டோ. இரண்டிலும் தொப்பி ஒரே இடத்தில் இல்லையென்றால் அந்தப் பதிவைத் தனியாகக் குறித்து வைத்தோம்.

அடுத்தது, எத்தனை தடவை பார்த்தது என்பது. பெரியவருக்கு ஒரு காட்சியை ஐம்பது தடவை காட்டலாம். குழந்தை பத்துத் தடவை பார்த்தாலே பெரிது. அதிலும் சில தலையைத் திருப்பியதால் கழிந்துவிடும். ஒரு நாள் ஒன்பது தடவையை வைத்தும் இன்னொரு நாள் நான்கு தடவையை வைத்தும் எடுத்த சராசரிகளைச் சமமாக மதித்து ஒப்பிட்டிருக்கிறோம் என்று தெரிந்தபோது மனசு கஷ்டமாக இருந்தது. எந்தத் தடவையை வைப்பது, எதைக் கழிப்பது என்பதை முடிவுகளைப் பார்ப்பதற்கு முன்பே எழுதிவைக்க வேண்டும். பார்த்த பிறகு முடிவு செய்தால், நம்மை அறியாமலே நமக்குப் பிடித்த பக்கம் கை சாயும்.

எம்.ஆர்.ஐ. பக்கம் போனால் சிக்கல் வேறு விதம். பால் கொடுத்து, துணியில் சுற்றித் தூங்கவைத்து, காதுகளை மூடி எடுப்பார்கள். தூக்கத்தில் ஒரு சின்ன அசைவு போதும். 2012-இல் ஜோனதன் பவரும் அவர் குழுவினரும், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தலை அசைவுகூட மூளைப் பகுதிகளுக்கிடையே இல்லாத தொடர்புகளை இருப்பதாகக் காட்டும் என்று நிறுவினார்கள். போதாததற்கு, ஆறு மாதத்தை ஒட்டிய வயதில், நரம்பணுக்கள் நிறைந்த சாம்பல் பொருளும் நரம்பிழைகள் நிறைந்த வெண்பொருளும் படத்தில் ஏறக்குறைய ஒரே நிறமாகத் தெரியும். நரம்பிழைகளின் மேல் மயலின் என்ற கொழுப்பு உறை படர்ந்துகொண்டிருக்கும் காலம் அது. பெரியவர்களுக்காக எழுதிய மென்பொருள் அங்கே எல்லைக்கோட்டைத் தப்பாகப் போட்டுவிடும், எந்த எச்சரிக்கையும் தராமல்.

தொப்பி விஷயத்தைச் சரிசெய்த பிறகு புள்ளிகள் ஓரளவு நெருங்கி வந்தன. முழுக்க வரவில்லை. மிச்சமிருக்கும் சிதறலில் ஒரு பகுதி பிழையே இல்லையோ என்று இப்போது நினைக்கிறேன். மறு அளவீட்டுக்கு எத்தனை நாள் இடைவெளி விடுவது? மறுநாளே அழைத்தால் குழந்தைக்குப் படம் பழகிப்போயிருக்கும், ஆர்வம் இருக்காது. ஒரு மாதம் விட்டால் வந்து உட்காருவது வளர்ந்துவிட்ட வேறொரு குழந்தை. பிறந்தபோது இருந்த மூளை முதல் ஆண்டிலேயே ஏறக்குறைய இரு மடங்காகிறது. அளவுகோல் ஆடுகிறதா, அளக்கப்படுவது ஓடுகிறதா என்பதை இரண்டே அளவீடுகளை வைத்துப் பிரிக்க முடியாது.

இப்போது அம்மாக்கள் அந்தக் கேள்வியைக் கேட்டால் நான் உட்கார்ந்து பேசுகிறேன். "இது நிறையக் குழந்தைகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் அர்த்தம் தருங்க. உங்க பாப்பாவைப் பத்தித் தனியா எதுவும் சொல்ல இதுக்குத் தெரியாது. ஏதாவது கவலை இருந்தா குழந்தை டாக்டர்கிட்ட காட்டுங்க." சிலர் முகம் வாடுகிறது. இருந்தாலும் அதைத்தான் சொல்கிறேன்.

போன முறை இரண்டாம் அளவீட்டுக்கு வந்த ஒரு குழந்தை, முதல் முறை அம்மாவின் கையில் சாய்ந்தே இருந்தவள், இந்த முறை யாரும் பிடிக்காமல் மடியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மூன்று நாளாகத்தான் இப்படி என்றார் அம்மா. தொப்பி நேராக இருந்தது, போட்டோக்களும் சரியாக இருந்தன. அளவு மட்டும் முந்தையதிலிருந்து வெகுவாக மாறியிருந்தது. எங்கள் பதிவேட்டில் இதை எழுதக் கட்டம் இல்லை. ஓரத்தில் பேனாவால் எழுதினேன்: "உட்காரக் கற்றுக்கொண்டாள். இரண்டாம் அளவுக்கு மூன்று நாள் முன்."