மிச்ச விமானங்களின் வரலாறு: சார்ட்டர் நிறுவன இடுபணிக்கும் வாய்மொழித் தேர்வுக்கும் வழிகாட்டல்

விமானத் துறை நிர்வாகம் படிப்பவர்களுக்கு இப்படி ஓர் இடுபணி வருவதுண்டு: பெரிய விமான நிறுவனம் ஒன்றுக்குச் சொந்தமான பருவகால சார்ட்டர் நிறுவனத்தை (நிலையான அட்டவணை இல்லாமல், மொத்தமாக வாடகைக்கு எடுப்பவர்களுக்காகப் பறக்கும் கிளையை) எடுத்துக்கொண்டு அதன் வரலாற்றை எழுத வேண்டும், பிறகு வாய்மொழித் தேர்வில் அதைத் தற்காக்க வேண்டும். கோலாலம்பூரில் இதற்குத் தயாராகும் தம்பி தங்கைகளின் வரைவுகளில் தேதிகளுக்குக் குறைவே இல்லை. தொடங்கிய ஆண்டு, முதல் பயணம், பெயர் மாற்றம், விற்பனை எல்லாம் வரிசையாக இருக்கும். ஒன்றிலிருந்து அடுத்தது ஏன் வந்தது என்பதுதான் இருக்காது. மதிப்பெண் அந்த ‘ஏன்’ என்பதில்தான் இருக்கிறது.

அதற்கு இரண்டு கேள்விகள் போதும். கிளைக்குக் கொடுக்கும் அளவுக்குத் தாய் நிறுவனத்திடம் விமானம் எப்படி மிச்சமானது? பருவம் முடிந்த மாதங்களில் அந்த விமானங்கள் என்ன செய்தன? இந்த இரண்டுக்கும் விடை தேடினால் மற்றவை தாமாகவே வரிசையில் வந்து நிற்கும்.

எந்த நிறுவனத்தை எடுப்பது? மூடப்பட்ட அல்லது கைமாறிய பழைய நிறுவனமே நல்லது. ஆவணம் கிடைக்கும், கதைக்கு முடிவும் இருக்கும். பிரிட்டிஷ் ஏர்டூர்ஸ், ஜெர்மனியின் காண்டோர் இரண்டும் பொருத்தமானவை. நம் மலேசியாவின் அமால், அதாவது மலேசியா ஏர்லைன்ஸ் குழுமத்தின் ஹஜ், உம்ரா யாத்திரைச் சேவை, ஒப்பீட்டுப் பகுதிக்கு மிகவும் ஏற்றது. அதையே முழுக் கட்டுரையாக்கினால் உள்கணக்கு கிடைக்காமல் பத்திரிகை அறிக்கைகளைச் சுருக்கித் தரும் நிலைக்கு வந்துவிடுவீர்கள்.

தேதிகளைப் பிரித்து எழுதுங்கள்

ஒரு விமான நிறுவனத்துக்குப் பல பிறந்தநாள்கள் உண்டு. நிறுவனம் பதிவான நாள் ஒன்று, இயக்கச் சான்றிதழ் பெற்ற நாள் ஒன்று, பயணிகளோடு பறந்த முதல் நாள் இன்னொன்று. பிரிட்டனின் பி.இ.ஏ. (பிரிட்டிஷ் யூரோப்பியன் ஏர்வேஸ்) தன் சார்ட்டர் கிளையான பி.இ.ஏ. ஏர்டூர்ஸை உருவாக்கியது 1969-இல். அது லண்டனின் கேட்விக் விமான நிலையத்திலிருந்து பறக்கத் தொடங்கியது 1970 மார்ச்சில். பி.இ.ஏ.வும் நெடுந்தூர விமான நிறுவனமான பி.ஓ.ஏ.சி.யும் 1974-இல் பிரிட்டிஷ் ஏர்வேஸாக ஒன்றானபோது கிளையின் பெயர் பிரிட்டிஷ் ஏர்டூர்ஸ் ஆனது. ‘பிரிட்டிஷ் ஏர்டூர்ஸ் 1969-இல் தொடங்கியது’ என்று ஒரே வரியில் எழுதினால் மூன்று நிகழ்வுகள் ஒன்றாகிவிடும். வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வி அங்கேதான் விழும்.

காண்டோரில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். 1955 டிசம்பரில் டாய்ச்ச ஃபுளுக்டீன்ஸ்ட் என்ற பெயரில் அது பதிவானபோது ஜெர்மனியின் பெரிய விமான நிறுவனமான லுஃப்தான்சாவின் பங்கு 26 விழுக்காடுதான். மீதியில் பெரும்பகுதி இரண்டு கப்பல் நிறுவனங்களிடமும் ஜெர்மன் ரயில்வேயிடமும் இருந்தது. லுஃப்தான்சா அதை முழுதாக எடுத்துக்கொண்டது 1959-இல். 1961-இல் ஓட்கர் குழுமத்தின் காண்டோர் லுஃப்ட்ரேடரை என்ற வேறொரு நிறுவனத்தை வாங்கியபோதுதான் ‘காண்டோர்’ என்ற பெயர் வந்தது. அதாவது உடல் பழையது, பெயர் வாங்கப்பட்டது. ‘லுஃப்தான்சா 1955-இல் காண்டோரைத் தொடங்கியது’ என்ற வரி எளிதாக இருக்கிறது, ஆனால் தவறு. கப்பல் நிறுவனங்கள் ஏன் விமானத்தில் பணம் போட்டன என்ற அருமையான கேள்வியும் அதனால் காணாமல் போகிறது.

இன்னொரு குறிப்பை நம் ஊர் மாணவர்கள் விட்டுவிடக் கூடாது. அந்த ஜெர்மன் நிறுவனம் 1956 மார்ச்சில் 36 இருக்கை கொண்ட விக்கர்ஸ் வைக்கிங் விமானத்தில் முதன்முதலாக ஏற்றிச் சென்றவர்கள் புனித பூமிக்குப் போன யாத்ரீகர்கள். அமாலோடு ஒப்பிட இதைவிட நல்ல வாசல் கிடைக்காது.

விமானம் எப்படி மிச்சமாகிறது

பி.இ.ஏ. ஏர்டூர்ஸின் முதல் அணி, தாய் நிறுவனத்தின் பழைய காமெட் 4பி ஜெட்டுகள். பி.இ.ஏ.வின் அட்டவணைப் பயணங்களை ட்ரைடன்ட் விமானங்கள் ஏற்றுக்கொண்டதால் காமெட்டுகளுக்கு வேலை குறைந்திருந்தது. அடுத்து வந்த போயிங் 707-கள் பி.ஓ.ஏ.சி. பயன்படுத்தியவை, அங்கே 747 வந்ததும் அவை பின்வரிசைக்குப் போயின. இரண்டு முறையும் ஒரே ஏற்பாடுதான்: தாய்க்குப் புதிது வந்தது, கிளைக்குப் பழையது போனது.

இதை ‘மிச்சத்தைத் தள்ளிவிட்டார்கள்’ என்று எழுதி நிறுத்திவிடாதீர்கள். அதன் பின்னால் கணக்கு இருக்கிறது, அதைக் காட்டினால்தான் கட்டுரை உயரும். ஒரு விமானம் கோடையின் 183 நாளும் தினம் 10 மணி நேரம் பறக்கிறது, மீதி 182 நாளும் தினம் 4 மணி நேரம்தான் பறக்கிறது என்று வையுங்கள். ஆண்டுக்கு 1,830 கூட்டல் 728, மொத்தம் 2,558 மணி நேரம். ஆண்டு முழுதும் 10 மணி நேரம் பறந்தால் 3,650. விமானத்தின் தவணை, காப்புறுதி, நிரந்தரச் சம்பளம் போன்றவை பறந்தாலும் பறக்காவிட்டாலும் வரும் செலவுகள். அவை குறைந்த மணி நேரத்தில் பங்கிடப்படும்போது ஒரு மணி நேரத்துக்கான சுமை ஏறக்குறைய 43 விழுக்காடு கூடுகிறது. புது விமானத்தின் தவணையை இந்த நிலையில் தாங்குவது கடினம். கடன் முடிந்த பழைய விமானம் சும்மா நின்றால் இழப்பு குறைவு. அது எரிபொருளை அதிகம் குடிக்கும், ஆனால் பறக்கும்போது மட்டும்தானே குடிக்கும். 1973-இல் எண்ணெய் விலை ஏறியதும் இந்தச் சமன்பாடு ஆட்டம் கண்டதை அடுத்த பத்தியில் கொண்டுவாருங்கள். 1980-களின் தொடக்கத்தில் 737-கள் 707-களின் இடத்தைப் பிடித்ததற்கு அது நல்ல பின்னணி.

பருவம் இல்லாத மாதங்கள்

ஒரு தாளில் 12 கட்டம் போடுங்கள், மாதத்துக்கு ஒன்று. வரிசைகள் ஐந்து: சொந்தச் சுற்றுலாப் பயணங்கள், தாய் நிறுவனத்துக்கு வாடகை, பிறருக்கு வாடகை, பெரிய பராமரிப்பு, சும்மா நின்றது. ஆதாரம் உள்ள கட்டத்தை மட்டும் நிரப்புங்கள். ஐரோப்பிய சார்ட்டர் நிறுவனங்கள் பெரிய பராமரிப்பைக் குளிர்காலத்துக்கு ஒதுக்கின. கோடையில் ஒரு விமானம் ஒரு வாரம் பட்டறையில் நின்றாலே பயண முகவர்களுக்குக் கொடுத்த வாக்கு உடைந்துவிடும். கட்டங்கள் காலியாக இருந்தால் பயப்பட வேண்டாம். எந்த வகை ஆவணத்தில் அது கிடைக்கும் என்று ஓரத்தில் எழுதினாலே ஆய்வு மனம் தெரியும்.

சட்டப் பின்னணிக்கு நீளம் வேண்டாம், ஆனால் துல்லியம் வேண்டும். 1944-ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கையில் 5-வது பிரிவு அட்டவணை இல்லாத பயணங்களைப் பற்றியது, 6-வது பிரிவு அட்டவணைச் சேவையைப் பற்றியது. இந்த வேறுபாடுதான் சார்ட்டர் தொழிலுக்குத் தனி இடத்தை உண்டாக்கியது. 1993 ஜனவரியில் விமானச் சேவைக் கட்டுப்பாடுகளைத் தளர்த்திய ஐரோப்பாவின் மூன்றாம் தாராளமயத் தொகுப்பு நடைமுறைக்கு வந்தபோது ஐரோப்பியச் சமூகத்துக்குள் அந்த வேலி பெரும்பாலும் சாய்ந்தது. மலேசியாவிலும் அட்டவணைச் சேவைக்கு உரிமம் வேறு, அட்டவணை இல்லாத சேவைக்கு அனுமதி வேறு. 2016 மார்ச் முதல் இவற்றை வழங்கிவந்த மாவ்கோம் (மலேசிய விமானப் போக்குவரத்து வணிக ஒழுங்கு ஆணையம்) 2025 ஆகஸ்டில் மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்துடன் இணைந்துவிட்டது. பழைய குறிப்புகளை நகலெடுத்தால் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

ஒரே பெயர், வேறு நிறுவனம்

பெயர்க் குழப்பம்தான் அதிக மதிப்பெண்ணைத் தின்கிறது. 1961-இல் தொடங்கிய காலிடோனியன் ஏர்வேஸ் சுதந்திர நிறுவனம். 1970-இல் பிரிட்டிஷ் யுனைடெட் ஏர்வேஸை வாங்கி பிரிட்டிஷ் காலிடோனியன் ஆனது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 1987 டிசம்பரில் அதை வாங்கியது. 1988-இல் பிரிட்டிஷ் ஏர்டூர்ஸுக்கு காலிடோனியன் ஏர்வேஸ் என்று புதுப் பெயர் வைத்தது. ஆக, அந்தப் பெயரில் இரண்டு நிறுவனங்கள், இடையில் ஒரு வாரிசு. பிரிட்டிஷ் ஏர்டூர்ஸ் வேறு, 1991-இல் பறக்கத் தொடங்கிய ஏர்டூர்ஸ் இன்டர்நேஷனல் வேறு. பின்னது ஒரு சுற்றுலா நிறுவனத்தின் சொந்த விமானச் சேவை.

1985 ஆகஸ்டு 22 மான்செஸ்டர் விபத்தைப் பற்றி எழுதும்போது மரியாதையும் நிதானமும் வேண்டும். கிரேக்கத் தீவான கோர்ஃபுவுக்குப் புறப்பட ஓடுதளத்தில் ஓடிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் ஏர்டூர்ஸ் 737-இன் இடது எஞ்சினில் எரிகலன் ஒன்று வெடித்து, சிதறிய பாகம் இறக்கையின் எரிபொருள் தொட்டியைத் துளைத்தது. விமானம் ஓடுதளத்தை விட்டுத் திரும்பி நின்றபோது மெல்லிய காற்று தீயை உடற்பகுதியின் மேல் தள்ளியது. இருந்த 137 பேரில் 55 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் புகையால். இறக்கை மேலுள்ள அவசர வழிக்குப் போகும் இடைவெளி, தரையோர விளக்குகள், இருக்கைத் துணியின் தீத்தாங்கும் தன்மை ஆகியவற்றில் உலகம் கவனம் செலுத்த இந்த விபத்து பெரும் காரணம். பிரிட்டிஷ் விபத்துப் புலனாய்வுப் பிரிவின் 8/88 எண் அறிக்கை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதை நேரடியாக வாசியுங்கள். ‘விபத்தால்தான் 1988-இல் பெயரை மாற்றினார்கள்’ என்று எழுதுவது ஊகம். கண்முன் இருக்கும் காரணம், சில மாதங்களுக்கு முன் வாங்கிய நிறுவனத்தின் பெயர் கையில் இருந்தது என்பது.

முடிவுப் பகுதியில் ஓர் ஒப்பீடு பலன் தரும். பிரிட்டிஷ் ஏர்வேஸ் 1995-இல் காலிடோனியனை இன்ஸ்பிரேஷன்ஸ் என்ற சுற்றுலாக் குழுமத்துக்கு விற்றது. பின்பு அது பிரிட்டிஷ் சுற்றுலா நிறுவனமான தாமஸ் குக்கின் கைக்கு வந்து, ஜே.எம்.சி. என்ற பெயருக்குள் கரைந்தது. காண்டோரும் 2000-களில் தாமஸ் குக்கிடம் சேர்ந்தது. 2019 செப்டம்பர் 23 அன்று தாமஸ் குக் சரிந்தபோது பிரிட்டிஷ் கிளையின் விமானங்கள் அன்றே நின்றன. காண்டோர் ஜெர்மன் அரசின் உத்தரவாதத்தோடு கிடைத்த 38 கோடி யூரோ கடனில் பறந்துகொண்டே இருந்தது. இரண்டு பிள்ளைகளையும் அவற்றின் தாய் நிறுவனங்கள் கைமாற்றிவிட்டன, ஒன்று மட்டும் பிழைத்தது ஏன்? இந்தக் கேள்விக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

ஹஜ் கணக்கு

மலேசியா ஏர்லைன்ஸ் வாங்கிய ஏ380 விமானங்கள் ஆறு. 2012 ஜூலையில் லண்டன் தடத்தில் அவை இறங்கின. 2018-இல் அங்கே ஏ350 வந்ததும் ராட்சத விமானங்களுக்கு வேறு வேலை தேட வேண்டியதாயிற்று. அவற்றை யாத்திரைச் சேவைக்குத் திருப்பும் திட்டம் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருந்தது. காமெட், ட்ரைடன்ட் கதையை இங்கே அருகில் வையுங்கள், ஒற்றுமை பளிச்சென்று தெரியும்.

கணக்கு இப்படி. 2023 முதல் மலேசியாவின் ஹஜ் ஒதுக்கீடு 31,600 பேர். மலேசியா ஏர்லைன்ஸ் ஏ380-இல் 494 இருக்கைகள். அனைவரையும் அதே வகை விமானம் ஏற்றியதாகக் கற்பனை செய்தால் 64 பயணங்கள். (உண்மையில் வேறு நிறுவனங்களும் ஏற்றுகின்றன, ஏ380-களும் அணியை விட்டுப் போய்விட்டன, இது கற்பனைக் கணக்கு என்று கட்டுரையில் சொல்லிவிடுங்கள்.) போகும் கட்டத்தில் 64 முறை நிறைந்து போய், 64 முறை காலியாகத் திரும்ப வேண்டும். திரும்பும் கட்டத்தில் 64 முறை காலியாகப் போய், நிறைந்து வர வேண்டும். மொத்தம் 256 செக்டர் (ஒரு வழிப் பயணம் ஒரு செக்டர்), யாத்ரீகர்கள் இருப்பது 128-இல். கோலாலம்பூர் விமான நிலையமான கே.எல்.ஐ.ஏ.யிலிருந்து சவூதியின் ஜெட்டா சுமார் 7,000 கிலோமீட்டர். ஒரு செக்டருக்கு 9 மணி நேரம் என்று வைத்தால் 2,304 மணி நேரம், அதில் பாதி வெறும் இருக்கை. எனவே ஒரு வழிக் கட்டணத்தை வைத்து ஹஜ் விமானத்தின் விலையை அளக்கக் கூடாது. வெறும் செக்டரின் செலவும் அந்தக் கட்டணத்துக்குள்தான் அடங்க வேண்டும்.

இன்னொரு நுணுக்கம்: ஐரோப்பியக் கோடை இடம் மாறாது, ஹஜ் ஒவ்வோர் ஆண்டும் ஏறக்குறைய 11 நாள் முன்னே நகரும். ஆகவே பள்ளி விடுமுறை நெரிசலோடு சில ஆண்டுகள் மோதும், சில ஆண்டுகள் விலகி நிற்கும். 12 கட்டத் தாளை அமாலுக்குப் போட்டால் ஒரே ஆண்டு போதாது, பல ஆண்டுகளை அடுக்கிப் பார்க்க வேண்டும். உம்ரா ஆண்டின் பெரும்பகுதியில் நடப்பதால் காலிக் கட்டங்களை அது நிரப்புகிறது. 2020, 2021 ஆண்டுகளில் வெளிநாட்டு யாத்ரீகர்களுக்கு ஹஜ் கதவு மூடியிருந்ததையும் குறிப்பிடுங்கள். ஒரே பருவத்தை நம்பும் தொழிலின் ஆபத்துக்கு அதைவிடத் தெளிவான சான்று இல்லை.

பினாங்கு மாணவர்களுக்கு ஒரு யோசனை. விமானத்துக்கு முன் யாத்ரீகர்கள் கப்பலேறிய துறைமுகம் உங்களுடையது; லெபோ ஆச்சே வட்டாரம் அந்தத் தொழிலால் வளர்ந்தது. மலேசியாவின் ஹஜ் சேமிப்பு, நிர்வாக அமைப்பான தாபோங் ஹாஜியின் வேர்களில் ஒன்றும் அங்கே இருந்த ஹஜ் விவகார அலுவலகம்தான். 1969-இல் அதுவும் 1963-இல் செயல்படத் தொடங்கிய சேமிப்புக் கழகமும் ஒன்றாயின. கப்பலிலிருந்து விமானத்துக்கு மாறியதைப் பின்னணி அதிகாரமாக்கினால் கட்டுரைக்குச் சொந்த மண் கிடைக்கும்.

ஆதாரம் தேடுவது

முதலில் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பழைய நாளிதழ் இணையத் தொகுப்பு. தமிழ் முரசும் அதில் உண்டு; சில பக்கங்கள் அந்த நூலகத்துக்குள் மட்டுமே திறக்கும். ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தேசிய நூலகத்துக்கும் ஜாலான் துவாங்கு அப்துல் ஹாலிமில் (முன்பு ஜாலான் டூத்தா) உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கும் போகுமுன் இணையப் பட்டியலில் தேடி, கோப்பு எண்ணை எழுதிக்கொண்டு போங்கள். பிரிட்டிஷ் விமானங்களுக்கு அந்நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையத்தின் ஜி-இன்ஃபோ பதிவேடு அருமையான கருவி. விமானத்தின் பதிவு எழுத்துகளை இட்டால் பழைய உரிமையாளர் பக்கங்கள் வரும்; விமானம் எந்த மாதம் தாயிடமிருந்து கிளைக்குப் போனது என்று அங்கேயே பார்க்கலாம். ரசிகர் தளங்களின் அணிப் பட்டியலைத் துப்பாக மட்டும் வையுங்கள், மேற்கோளாக வேண்டாம்.

எழுத்துத் தேர்வில் மூன்று மணி நேரத்துக்கு நான்கு கேள்வி என்றால் ஒன்றுக்கு 45 நிமிடம். முதல் 5 நிமிடத்தில் தேதிகளை ஓரமாக எழுதிக்கொண்டு, 35 நிமிடம் எழுதி, கடைசி 5 நிமிடத்தில் பெயர்களைச் சரிபாருங்கள். கணக்குக்கு 6 வரிக்கு மேல் வேண்டாம்.

வாய்மொழித் தேர்வுக்கு இந்த நான்கு கேள்விகளைச் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். தாய் நிறுவனமே ஏன் தன் பெயரில் சார்ட்டர் ஓட்டவில்லை? கிளையின் வாடிக்கையாளர் பயணியா, பயண முகவரா? இது தனி நிறுவனமா, தனிச் சான்றிதழா, வெறும் பெயர்ப் பலகையா? விற்காமல் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மூன்றாவது கேள்வியில்தான் பலர் தடுமாறுகிறார்கள். அமாலைப் பற்றிக் கேட்டால் நிறுவனப் பதிவு, இயக்கச் சான்றிதழ், பயண எண்ணின் முன்னெழுத்து ஆகிய மூன்றையும் தனித்தனியாகப் பார்த்து வைத்திருந்து, எதை எந்த ஆவணத்தில் பார்த்தீர்கள் என்று தேதியோடு சொல்லுங்கள். நான்காவதுக்கு 1993-க்குப் பிந்தைய குறைந்த கட்டண நிறுவனங்களிலிருந்து தொடங்குங்கள்.